ஜாக்கி போடுமுன் ஒரு பலகை



சமையலும் கைவைத்தியமும் குழந்தை வளர்ப்பும் எழுதுகிற இந்தப் பக்கத்தில் கார் டயருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடிதம் வந்த இடத்தையும் அதில் இருந்த விஷயத்தையும் சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

கடிதம் கோட்டைக்குப்பத்திலிருந்து. புதுச்சேரியை ஒட்டி ஒரு கோட்டக்குப்பம் இருக்கிறதே, அது இல்லை. இது திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பம். டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்டிரியா என்று கோட்டை கட்டினார்களே, அந்தப் பழவேற்காடுதான். எழுதிய சகோதரிக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு நாலு வயது, இளையது கைக்குழந்தை. மூத்தவனுக்கு அடிக்கடி இளைப்பு வரும். ராத்திரியில் மூச்சு இழுத்தால் பொன்னேரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கணவர் தொழிலுக்குப் போயிருக்கிற நேரமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவது? அதற்காகவே கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய சின்ன கார் வாங்கி, இவரும் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். பாராட்ட வேண்டிய காரியம்.

இப்போது முன் டயர் இரண்டும் மொட்டையாகி வருகின்றன. பின் டயர்களில் பட்டன் நன்றாக இருக்கிறது. 'முன்னது பின்னே, பின்னது முன்னே மாற்றிப் போட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்' என்று யாரோ சொல்ல, கணவரும் இரண்டு நண்பர்களும் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். ஜாக்கி மணலில் இறங்கியது. அதன் கீழே இரண்டு செங்கல் வைத்தார்கள். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஒரு செங்கல் நொறுங்கி, வண்டி பக்கவாட்டில் சரிந்து 'பொத்'தென்று மணலில் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த நாலு வயதுப் பையன், உருண்டு போன பந்தை எடுக்க வண்டிக்கு அடியில் கை விட்டுவிட்டு அப்போதுதான் நகர்ந்திருக்கிறான்.

'அன்றையிலிருந்து வண்டியைத் தொடவே பயமாக இருக்கிறது. நாங்களே செய்யலாமா, விட்டுவிடலாமா?' என்பதுதான் கேள்வி.

இதற்குக் கடிதத்தில் பதில் எழுதினால் போதாது என்று தோன்றியது. எங்கள் தெருவில் பல வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன். இனிமேல் நான் சொல்வதில் பாதி அவர் சொன்னது, பாதி அந்த வாசலில் நாங்கள் செய்து பார்த்தது.

முதலில், டயரை ஏன் மாற்றிப் போட வேண்டும்? இன்றைய சின்ன கார்கள் பெரும்பாலும் முன் சக்கரங்களால் ஓடுபவை. என்ஜின் பாரம் முன்னே. வண்டியை இழுப்பது முன் சக்கரம். திருப்புவதும் முன் சக்கரம். பிரேக் போட்டால் பாரம் சாய்வதும் முன்னே. ஒரே மருமகள் எல்லா வேலையும் செய்வதைப் போலத்தான். பின் சக்கரங்கள் கூடவே உருண்டு வருகின்றன, அவ்வளவே. அதனால் முன் டயர் சீக்கிரம் தேயும். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இடம் மாற்றினால் நாலும் சமமாகத் தேய்ந்து, நாலும் நெடுநாள் உழைக்கும்.

மாற்றுமுன் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நம் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் நடை தெரியும் இல்லையா, அது மாதிரி. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே பக்க ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் சரியில்லை. அலைன்மெண்ட் பார்க்காமல் டயரை மட்டும் மாற்றிப் போட்டால், நல்ல டயரையும் கொண்டுபோய்த் தேய்க்கக் கொடுத்த கதைதான்.

இன்னொன்று. டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அதற்குக் கீழே போன டயரோடு காரை ஓட்டச் சட்டமே அனுமதிப்பதில்லை. அதை முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் பிரயோஜனமில்லை; மழை ரோட்டில் வழுக்கும். கோட்டைக்குப்பத்து வண்டியில் முன் டயர்கள் அந்த மேட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தன. மாற்றிப் போடலாம், ஆனால் அடுத்த மழைக்கு முன்னால் புதிதாக இரண்டு வாங்க வேண்டியிருக்கும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். ('புதுசு வாங்கினா முன்னாடி போடாதம்மா, பின்னாடி போடு. ஈரத்துல பின்பக்கம் வழுக்கினா வண்டியைப் பிடிக்க முடியாது' என்பதும் அவர் சொன்னதே.) பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரின் வயதையும் பார்க்கலாம். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் இருந்தும் ரப்பர் வெடித்துப் போன கிழட்டு டயர்கள் உண்டு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஜாக்கி போடுவதற்குப் பலம் வேண்டும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பலமே வேண்டாம். வண்டியோடு கொடுக்கிற அந்தக் கத்திரிக்கோல் மாதிரியான ஜாக்கியின் திருகைச் சுற்றுவது மாவு பிசைவதைவிடச் சுலபம். தூக்கின பிறகு நிற்குமா என்பதுதான் கேள்வி. சின்ன கார் ஏறக்குறைய 700 கிலோ. முன் மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் தலையில் சுமார் 200 கிலோ உட்காருகிறது. ஜாக்கியின் அடித்தகடோ உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று ஆள் பாரத்தை ஓர் உள்ளங்கையில் வைத்து மணலில் அழுத்தினால் என்ன ஆகும்? இறங்கும். ஒரே சீராக இறங்கினாலும் பரவாயில்லை, ஒரு பக்கமாக இறங்கும். ஜாக்கி சாயும். சாய்ந்த ஜாக்கி வண்டியைப் பிடிக்காது, உதறிவிடும்.

நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமியார் அலுத்துக்கொண்டார். "இதையா இவ்ளோ நேரம் சொல்றே? கரையில படகை ஏத்துனா கட்டை போடாமலா ஏத்துவாங்க? மணல்ல எதை வச்சாலும் அடியில பலகை வேணும். இந்தப் பசங்களுக்குப் படகுன்னா தெரியுது, காருன்னா மறந்துடுது." வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மரப் பலகையை அவரே இழுத்து வரச் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டு, "அம்மா சொல்றதுதான் பாடம், நான் கிளம்பறேன்" என்றார்.

அந்தப் பலகையைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். ஓரடிக்கு ஓரடியாவது இருக்க வேண்டும். கனம் ஒன்றரை அங்குலம். அப்படி வைத்தால் அதே 200 கிலோ ஏறக்குறைய ஒன்பது மடங்கு பெரிய இடத்தில் பரவுகிறது, மணலை ஒன்பதில் ஒரு பங்குதான் அழுத்துகிறது. கனம் குறைந்த பலகை நடுவில் வளையும், பாரம் பரவாது. ஒட்டுப் பலகை வேண்டாம். நைந்தது, செல்லரித்தது வேண்டாம். பலகை வைக்கிற இடத்தில் மேலாக இருக்கும் காய்ந்த மணலை வழித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, நன்றாக மிதித்துச் சமப்படுத்திய பிறகு வையுங்கள். ஈர மணல் காய்ந்த மணலைவிட இறுகி நிற்கும். கடற்கரையில் நடந்தவர்களுக்கு இது தெரியும். பலகைமேல் நீங்கள் ஏறி நின்று குதித்துப் பாருங்கள். ஆடினால் மறுபடி சமப்படுத்துங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக், ஓட்டுத் துண்டு ஆகிய மூன்றும் ஜாக்கிக்கு அடியிலோ வண்டிக்கு அடியிலோ கூடவே கூடாது. செங்கல் சுவரில் இருக்கும்போது எவ்வளவோ தாங்கும். ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரம் அப்படியில்லை. முனகும், நசுங்கும், நமக்கு நேரம் கொடுக்கும்.

இத்தனையும் மணல்தான் கதி என்கிறவர்களுக்கு. பக்கத்தில் எங்காவது சமமான சிமெண்டுத் தரை இருந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே செய்யுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

கடலோரத்து வண்டிக்கு இன்னொரு எதிரி உண்டு, துரு. ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்; உப்புக் காற்று இரவும் பகலும் தகட்டைத் தின்கிறது. ஜாக்கியை வைக்க வேண்டிய இடம் எது தெரியுமா? கதவுக்குக் கீழே நீளமாக ஒரு தகட்டு விளிம்பு ஓடும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னே ஓரிடத்திலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னே ஓரிடத்திலும் அதில் இரண்டு சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை பொருந்த வேண்டும். வேறெங்கே வைத்தாலும் தகடு நசுங்கும் அல்லது நழுவும். அந்த இடமே துருப்பிடித்திருந்தால்? ஜாக்கி தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வண்டி கீழே வந்துவிடும்.

அதனால் தூக்குமுன் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அங்கே தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே காது போதும். 'டங்' என்றால் நல்லது. 'சொத்' என்று ஒலித்தாலோ, அப்பளம் மாதிரி துரு உதிர்ந்தாலோ அங்கே ஜாக்கி போடாதீர்கள். ஒர்க்ஷாப்பில் காட்டி வெல்டு செய்த பிறகுதான். கோட்டைக்குப்பத்து வண்டியில் மூன்று இடம் நன்றாக இருந்தது. வலது பின்பக்கம் லேசாகச் செதில் விட்டிருந்தது. பெரியவர் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்து, உள்ளே தகடு கெட்டியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே சம்மதித்தார். வண்டியின் அடிப்பாகத்தை மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னார். மீன் கூடையை ஏற்றுகிற வண்டியானால் வாரம் ஒரு முறை. கூடையிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரைவிடக் கெட்ட சமாசாரம் தகட்டுக்கு வேறில்லை.

சரி, இப்போது வேலைக்கு உட்காரலாம். ஆனால் குழந்தைகள் எங்கே? இதுதான் முதல் கேள்வி. 'இங்கேதான் விளையாடுகிறான்' என்று பதில் வந்தால் ஜாக்கியை எடுக்காதீர்கள். பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பெரியவர் வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. வண்டிக்குள்ளே தூங்குகிற குழந்தையை 'எழுப்புவானேன்' என்று விட்டுவைப்பதும் கூடாது. வண்டியில் ஆள், மூட்டை, கோழி எதுவும் இருக்கக் கூடாது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விடுங்கள், வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் பக்கத்தில் நின்று அதிகாரம் மட்டும் செய்யுங்கள். ஒரு சக்கரம் பத்துப் பன்னிரண்டு கிலோ, ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர். சிசேரியன் ஆனவர்களை முதல் ஆறு வாரம் குழந்தையின் எடைக்கு மேல் தூக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அதன் பிறகும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடுங்கள். மற்றவர்களும் குனிந்து தூக்காமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் கீழே ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பி ஏற்றினால் இடுப்பு பிழைக்கும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போடுங்கள். இது போதாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள். சின்ன கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. கியர் முன் சக்கரங்களைப் பிடிக்கிறது. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அது அந்தரத்தில் சும்மா சுற்றும், கியரின் பிடி போய்விடும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கில் பாதி போய்விடும். உப்புக் காற்றில் அந்த பிரேக் கம்பியும் இளைத்திருக்கும். ஆகவே எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறீர்களோ அதற்கு மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். லாரி கிளீனர் பையன் இறங்கியதும் முதலில் என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? அதுவேதான்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கின பிறகு ஸ்பேனரில் தொங்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும். கடலோரத்தில் நட்டு இறுகியிருக்கும். கையால் வராவிட்டால் ஸ்பேனரின் பிடி கிடைமட்டமாக இருக்கும்படி மாட்டி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் அழுத்துங்கள், துள்ளி ஏறாதீர்கள். அப்படியும் வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கால் மணி காத்திருங்கள். நட்டு வந்த பிறகு அந்த எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். மரையில் கிரீஸோ எண்ணெயோ இருந்தால் நட்டு அளவுக்கு மேல் இறுகி, போல்ட்டே இழுபட்டு உடையும் அபாயம் உண்டு.

பிறகு ஜாக்கி. தலை அந்த இரண்டு வெட்டுக்கு நடுவே பொருந்தும் வரை கையால் சுற்றுங்கள். பொருந்தியதும் எழுந்து நின்று, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள், ஜாக்கி நேராக நிற்கிறதா என்று. சாய்ந்திருந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். சோம்பல் படக் கூடாத ஒரே இடம் இது. டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பினால் போதும். மேலே போகப் போக ஆட்டம்தான் அதிகம்.

இப்போது ஸ்டெப்னி. (இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே தெருப் பெயராக நின்றுவிட்டது. நம் நாட்டிலோ மூலைக்கு மூலை பஞ்சர்க்காரர் வாயில் புழங்குகிறது.) சக்கரத்தைக் கழற்றுமுன் ஸ்டெப்னியைப் படுக்கை வசமாக, ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டியின் விளிம்புக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஒருவேளை ஜாக்கி நழுவினால் வண்டி ஸ்டெப்னியின் மேல் உட்காரும். உங்கள் காலின் மேல் உட்காராது. சக்கரத்தைக் கழற்றியதும் அதை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை வெளியே இழுங்கள். புதிய சக்கரம் ஏறி நட்டுகள் மாட்டிய பிறகே அடியில் இருப்பதை எடுக்க வேண்டும். எந்த நிமிஷத்திலும் அடியில் ஏதாவது ஒரு சக்கரம் இருந்தபடியே இருக்கட்டும். அதைத் தள்ளுவதும் இழுப்பதும் வெளியே இருக்கும் ஓரத்தைப் பிடித்தே. கை, கால், தலை எதுவும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நட்டு உருண்டு உள்ளே போய்விட்டால் துடைப்பக் கட்டையால் தள்ளி எடுங்கள்.

"ஒரே ஜாக்கியை வச்சு நாலையும் எப்படிக்கா மாத்துறது?" என்று சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. இதற்கும் ஸ்டெப்னிதான் வழி. முன் சக்கரத்தால் ஓடும் வண்டியில் முன் டயர்கள் அதே பக்கத்தில் நேராகப் பின்னே போகும். பின் டயர்கள் பக்கம் மாறி முன்னே வரும். இதை ஐந்தே தூக்கில் முடிக்கலாம். முதலில் முன் இடதைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். இரண்டாவது, கழற்றிய அந்தச் சக்கரத்தைப் பின் இடதில். மூன்றாவது, பின் இடதிலிருந்து வந்ததை முன் வலதில். நாலாவது, முன் வலதிலிருந்து வந்ததைப் பின் வலதில். ஐந்தாவது, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, பின் வலதிலிருந்து வந்ததை முன் இடதில். முடிந்தது. ஒவ்வொரு தூக்குக்கும் பலகையும் கட்டையும் இடம் மாற வேண்டும்; அதுதான் நேரம் பிடிக்கும் வேலை. சாக்குக்கட்டியால் ஒவ்வொரு டயரிலும் 'மு.இ.', 'பி.வ.' என்று எழுதிக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் மட்டும் பக்கம் மாற்றக் கூடாது. அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்ற வேண்டும், அதற்கு ஆறு தூக்கு ஆகும்.

வயதானவர்கள் சிலர் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அம்பாசடரும் பத்மினியும் பின் சக்கரத்தால் ஓடிய வண்டிகள், அவற்றுக்கு முறை வேறு. 'ரேடியல் டயரைப் பக்கம் மாற்றவே கூடாது' என்பதும் அந்தக் காலத்துப் பேச்சே. அம்புக்குறி இல்லாத இன்றைய டயர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் வண்டியின் புத்தகம் இருந்தால் அதில் படமே போட்டிருக்கும்.

நட்டு எல்லாம் வந்தும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொண்டால் அதுவும் துருவின் வேலைதான். வலது பின் சக்கரத்தில் எங்களுக்கு அப்படி ஆயிற்று. கணவர் உதைக்கப் போனார். "தம்பி, நில்லு!" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் திண்ணையிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைப்பது தற்கொலை. நட்டுகளை விரலால் மட்டும் மாட்டி, ஒரு சுற்று இளக்கி விட்டு, அடியிலிருந்த சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். பாரம் பட்டதும் 'டக்' என்று விட்டுக்கொண்டது. மறுபடி தூக்கி, அந்த முகப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டே புதியதை மாட்டினோம்.

மாட்டும்போது நட்டின் கூம்பு முனை உள்பக்கம். விரலால் எல்லா நட்டையும் ஏற்றிய பிறகு ஸ்பேனரால் லேசாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகே முழுக்க இறுக்க வேண்டும். வரிசையாக இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும். நாலு நட்டானால் எதிரெதிராக. ஐந்தானால் கோலத்தில் ஒரே இழையில் நட்சத்திரம் போடுகிற மாதிரி, ஒன்றைத் தாண்டி ஒன்று. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று இறுக்காதீர்கள். அடுத்த தடவை பஞ்சரானால் கழற்ற வேண்டியவர் நீங்கள், அதுவும் தனியாக.

வழியில் பஞ்சராகும் விஷயத்தையும் கேட்டார். பொன்னேரி ரோட்டில் ஓரம் மெத்தென்ற மண். அங்கே ஜாக்கி போடாதீர்கள். காற்றில்லாத டயரோடே மெல்ல உருட்டிக்கொண்டு கெட்டியான, நேரான, விளக்கு வெளிச்சமுள்ள இடத்துக்கு வந்துவிடுங்கள். டயர் கிழிந்தால் கிழியட்டும். வண்டி வரும் பக்கத்துச் சக்கரமானால், முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு உட்காராதீர்கள். யாரையாவது நிறுத்தி உதவி கேளுங்கள். மூச்சு இழுக்கும் குழந்தை மடியில் இருக்கும் ராத்திரியில் டயர் மாற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். அந்த ஓரடிப் பலகையை மட்டும் டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.

எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசி இரண்டு தூக்கை அந்தச் சகோதரியே செய்தார். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பையன் திண்ணையிலிருந்து, "அம்மா, பலகை! பலகை!" என்று கத்திக்கொண்டே இருந்தான், பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு வேலை பாக்கி. இடம் மாறிய டயர்களில் காற்றளவை அன்றைக்கே சரிபார்க்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருக்கலாம். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும். ஸ்டெப்னிக்கும் மறக்காமல் பிடியுங்கள். அடுத்து, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதாவது பொன்னேரிக்கு இரண்டு தடவை போய்வந்த பிறகு, நட்டுகளை ஒரு முறை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும். நாள்காட்டியில் கிலோமீட்டரைக் குறித்து வைத்திருக்கிறேன் என்று போன வாரம் அவரிடமிருந்து கார்டு வந்தது. ஒரு நட்டு மட்டும் கால் சுற்று இடம் கொடுத்ததாம்.

அடுத்த இதழில், பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வை எப்போது மாற்ற வேண்டும் என்று மதுரை வாசகி கேட்டிருப்பதற்குப் பதில் எழுதுகிறேன்.